தீர்ந்துபோன திருநீறு

என் மகளைக் கட்டியிருப்பவர் ருமேனியாக்காரர். அந்த நாடு எந்தத் திக்கில் இருக்கிறது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அங்கே பனி கொட்டும், மலைமேல் ஆடு மேய்ப்பார்கள் என்று மகள் சொல்லிக் கேட்டதுதான். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் சாம்பலுக்கு என்ன சொல்வார்கள் என்று கேளுங்கள், சொல்லிவிடுவேன். ஆறிப்போன சாம்பலுக்கு ஒரு சொல். அடியில் கங்கு கிடக்கிற சுடுசாம்பலுக்கு இன்னொரு சொல். இரண்டும் எங்கிருந்து வந்தன என்பதும் தெரியும். தெரிந்துகொண்ட விதம்தான் வெளியில் சொல்லும்படி இல்லை.

எழுத்துக் கூட்டி எழுதுகிறவள் நான். ஒரு பக்கம் முடிப்பதற்குள் அடுப்பில் வைத்த சோறு குழைந்துவிடும். குழையட்டும், அவசரம் ஒன்றும் இல்லை.

எனக்கு ஒரே மகள். சிங்கப்பூரில் நர்சாக இருக்கிறாள். ருமேனியாக்காரருக்கு அங்கே கப்பல் பழுது பார்க்கிற இடத்தில் என்ஜின் வேலை. ரிஜிஸ்தர் பண்ணிக்கொண்ட பிறகுதான் எனக்குப் போன் வந்தது. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் ரங்கூனுக்கு அக்கரையில், தன்லியினில் ஒரு வீட்டில் சம்பந்தம் பேசி, பையனின் அம்மாவும் நானும் வெற்றிலை போட்டுக்கொண்டு சிரித்துவிட்டு வந்திருந்தோம். கோயிலில் நாலு பேரிடம் நானே வாய்விட்டுச் சொல்லியும் வைத்திருந்தேன். ரங்கூன் இன்சீனில் எங்கள் குடும்பம் மாமனார் காலத்திலிருந்து இருக்கிறது. அவரும் ரயில் பட்டறை, என் வீட்டுக்காரரும் ரயில் பட்டறை. சொன்ன சொல் மாறாத குடும்பம் என்று தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தவள் நான். அந்தப் போனுக்குப் பிறகு ரொம்ப நாள் கோயில் பக்கமே போகவில்லை. போகாததற்கு முழங்கால் வலி என்று பெயர் வைத்தேன்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. தன்லியினுக்கு அப்பால் ஓர் அம்மன் கோயிலில் தீமிதி நடக்கும். மறுநாள் காலையில் பூக்குழி ஆறின பிறகு, இறங்கினவர்களுக்கு அந்தச் சாம்பலில் ஆளுக்கு ஒரு கை கொடுப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து வெள்ளைத் துணியில் சலித்து வைத்துக்கொள்வோம். அது தினமும் பூசுகிற நீறு இல்லை. வீட்டுப் பிள்ளை கப்பல் ஏறினால், புது மருமகனோ மருமகளோ வாசல்படி மிதித்தால், வீட்டில் மூத்தவர்கள் கட்டைவிரலால் தொட்டு நெற்றியில் வைப்பார்கள். வைத்தால் இந்த வீட்டு ஆள். அவ்வளவுதான். மேளமும் கிடையாது, மந்திரமும் கிடையாது.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு காய்ச்சல் வந்தது. பிழைத்தால் பூக்குழி இறங்குகிறேன் என்று என் வீட்டுக்காரர் வேண்டிக்கொண்டார். பிழைத்தாள். உடம்பு ஒத்துழைக்கிற வரைக்கும் வருஷம் தவறாமல் இறங்கினார். கடைசியாக இறங்கின வருஷத்துச் சாம்பலை ஒரு பால்மாவு டப்பாவில் போட்டு, மூடியில் ஆணியால் ‘பாப்பா’ என்று கீறி, சாமி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். “பாப்பாவுக்கு வர்ற மாப்பிள்ளைக்கு இது. வேற யாருக்கும் தொடாதே” என்றார். நானும் தொடவில்லை. அடுத்த தீமிதிக்கு அவர் இல்லை.

இந்த வருஷம் மழை விட்ட பிறகு இரண்டு பேரும் ஒரு வாரம் லீவில் வந்தார்கள். வெளிநாட்டுக்காரரை வீட்டில் தங்க வைக்க இங்கே சட்டம் விடாது என்பதால் ராத்திரிக்கு ஹோட்டல், விடிந்தால் இங்கே என்று ஏற்பாடு. டாக்சி சந்துக்குள் நுழையும்போதே பக்கத்து வீட்டு மொஹிங்காக்காரி கல்லும் கட்டையுமாக ஓடிவந்துவிட்டாள். வாழைத்தண்டு போட்ட மீன்குழம்பைச் சேமியாவில் ஊற்றி மொஹிங்கா என்று விற்கிறவள். அவளுக்கு அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரி. பேச்செல்லாம் பர்மியம்தான். என்னைச் சீண்ட வேண்டும் என்றால் மட்டும் தமிழ் வரும். அவர் காரை விட்டு இறங்கி நிமிர்வதற்குள் தனாக்கா மரப்பட்டையைச் சந்தனம் மாதிரி இழைத்து இரண்டு கன்னத்திலும் வட்டமாகப் பூசிவிட்டாள்.

“பாத்தியா அக்கா, இப்பதான் மாப்பிள்ளை மாதிரி இருக்காரு!”

கன்னத்தில் மஞ்சளோடு, செருப்பைக் கழற்றிவிட்டு, வாசற்படிக்கு வெளியே நின்றார் அவர். எங்கள் நிலைக்கு அவர் உயரம் ஒரு முழம் அதிகம். உள்ளே வருவதற்குக் குனிந்தே நின்றார். மகள் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். நெற்றியை எனக்கு நேராக நீட்டினார்.

“நீறு வைங்கம்மா” என்றாள் மகள்.

சந்தே பார்த்துக்கொண்டிருந்தது. தன்லியினில் சிரித்த சிரிப்பு எனக்கு ஞாபகம் வந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

“தீர்ந்துபோச்சு.”

மகள் என் நெற்றியைப் பார்த்தாள். அங்கே மூன்று பட்டை பளிச்சென்று இருந்தது.

“உங்க நெத்தியில இருக்கே?”

“காலையில வழிச்சுப் பூசினதோட சரி.”

அவள் திரும்பிக்கொண்டாள். அவரிடம் இங்கிலீஷில் என்னவோ சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்தார். இரண்டு பேரும் கால் கழுவப் போன நேரத்தில் தினசரி நீற்றுக் கிண்ணத்தை விளக்குக்குப் பின்னால் தள்ளினேன். மேல்தட்டு டப்பாவுக்கு முன்னால் பழைய காலண்டர் ஒன்றைச் சாய்த்து வைத்தேன்.

மகள் கோயிலுக்குப் போய் ஒரு பொட்டலம் வாங்கி வந்திருக்கலாம். போகவில்லை. என் வயிற்றில் பிறந்தவள், அப்படியெல்லாம் போய்விடுவாளா?

தீர்ந்துபோச்சு என்று சொல்லியாகிவிட்டது. அதனால் மறுநாளிலிருந்து நானும் பூச முடியவில்லை. நினைவு தெரிந்த நாளிலிருந்து குளித்ததும் நெற்றிக்குப் போகிற கை, பாதியில் இறங்கி முந்தானையைச் சரிசெய்யும். கண்ணாடியில் பார்த்தால் யாரோ மாதிரி இருந்தது. மொஹிங்காக்காரி விடுவாளா?

“என்ன அக்கா, மாப்பிள்ளை வந்ததும் சர்ச்சுக்கு மாறிட்டியா?”

“உன் வாழைத்தண்டை ஒழுங்கா நறுக்கு. போன தடவை நார் பல்லுல மாட்டிக்கிச்சு.”

“நெத்தி காலியா இருக்குன்னா பல்லைப் பத்திப் பேசறே.”

கரண்டு விஷயத்திலும் எனக்கு ஒரு வீம்பு. கரியடுப்பைப் பின்கட்டில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தேன். கரண்டு அடுப்பு, ரைஸ் குக்கர் இரண்டையும் துடைத்து முன்னால் வைத்திருந்தேன். கரண்டு இருக்கிற நேரம் பார்த்துச் சமைத்து, எங்கள் வீட்டில் எப்போதும் இப்படித்தான் என்பதுபோல் பரிமாறினேன். அது இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் காலையில் போன கரண்டு மத்தியானமாகியும் வரவில்லை. அவர் வாய் திறந்து கேட்கவில்லை, ஆனால் அவர் வயிறு இரைந்தது எனக்கே கேட்டது. வேறு வழியில்லாமல் சாக்கை எடுத்தேன்.

மனுஷர் கரியடுப்பைப் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் ஓடிவந்து பக்கத்தில் குந்திவிட்டார்.

“எழுந்திருக்கச் சொல்லுடி. பேன்ட் பூரா கரி ஒட்டிக்கும்” என்றேன்.

“அவங்க வீட்டுலயும் இதேதாம்மா. அவங்க அம்மா இன்னும் விறகுலதான் ஆக்குறாங்க. நீங்க ஏன் இதை மூடி வச்சீங்க?”

நான் கேட்காததுபோல் விசிறினேன்.

சோறு இறங்கியதும் அவர் கூடையிலிருந்து உருளைக்கிழங்கை எடுத்தார். கழுவவில்லை, தோலும் சீவவில்லை. அடுப்பு வாயில் குவிந்திருந்த சுடுசாம்பலைக் குச்சியால் விலக்கி, உள்ளே புதைத்து, மேலே மூடினார். குச்சியாலேயே அதைத் தொட்டுக் காட்டி, “ஸ்பூஸா” என்றார்.

“கிழங்குக்குப் பேரா?” என்றாள் மொஹிங்காக்காரி. அவள் எப்போது வந்து வேலிமேல் சாய்ந்தாள் என்று தெரியவில்லை.

மகள் கேட்டுச் சொன்னாள். கிழங்கு இல்லை, சாம்பல். அதிலும் எல்லாச் சாம்பலும் இல்லை. உள்ளே கங்கு கிடக்க வேண்டும், கை வைத்தால் சுட வேண்டும், அதுதான் ஸ்பூஸா. ஆறிப்போனால் அதற்குப் பேர் செனூஷா.

“எங்களுக்கு ஒரே வார்த்தை. ப்யா! சுட்டாலும் ப்யா, ஆறினாலும் ப்யா” என்றாள் அவள். “பர்மாக்காரன் சிக்கனமானவன்.”

“எங்க பாஷையில சாம்பல் இருக்கு, நீறு இருக்கு, பஸ்பம் இருக்கு” என்று நானும் விட்டுக்கொடுக்காமல் சொன்னேன். சொன்ன பிறகுதான் நீறு என்று நானே வாயால் எடுத்துக்கொடுத்தது உறைத்தது. பேச்சை மாற்ற, “அவங்களுக்கு ஏன் ரெண்டு சொல்லு? கேளுடி” என்றேன்.

அவர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். மகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழில் சொன்னாள். செனூஷா ரோமாபுரியிலிருந்து பட்டாளத்தோடு வந்த சொல்லாம். வந்தவர்கள் நாட்டைப் பிடித்தார்கள், ஜனங்களின் பேச்சையும் மாற்றிவிட்டார்கள். ஸ்பூஸா அப்படி வந்தது இல்லை. பட்டாளம் வருவதற்கு முன்னாலேயே அங்கே இருந்தவர்களின் சொல் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்களாம். அந்த ஜனங்களின் பாஷை போய்விட்டது. அல்பேனியா என்று தள்ளி ஒரு நாடு இருக்கிறதாம், அங்கேயும் ஏறக்குறைய இதே சொல். யார் யாரிடம் வாங்கினார்கள் என்று படித்தவர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்களாம். நிச்சயமாக ஒருத்தருக்கும் தெரியாதாம்.

“பாஷையே போயிடுச்சுன்னா இது மட்டும் எப்படித் தப்பிச்சுது?” என்று கேட்டேன். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

அவர் சிரித்தார். மகள் சொன்னாள்: “இது படிச்சவங்க சொன்னதில்லையாம், அவங்க அம்மா சொல்ற கதை. பட்டாளத்துக்காரன் அந்த ஊர்ப் பொண்ணுங்களைக் கட்டிக்கிட்டான். சந்தையில, கச்சேரியில எல்லாம் அவன் பேச்சு. அடுப்படிக்கு மட்டும் அவன் வரலை. அங்க அந்தப் பொண்ணுங்க அவங்கவங்க அம்மா சொன்னதையே சொல்லிக்கிட்டிருந்தாங்க.” கொஞ்சம் நிறுத்தி, என்னைப் பார்த்துச் சொன்னாள்: “வெளியூர்க்காரனைக் கட்டினதால ஒண்ணும் தொலைஞ்சு போகலை.”

கடைசியில் சொன்னது அவர் சொன்னதா, இவள் சேர்த்துக்கொண்டதா, எனக்குத் தெரியாது. நான் கிழங்கைப் புரட்டினேன்.

மொஹிங்காக்காரி வேலியை விட்டு நகராமல் கேட்டாள்: “இவ்வளவு நேரம் சாம்பல் சாம்பல்னு பேசறியே அக்கா. இதுல ஒரு சிட்டிகை மாப்பிள்ளை நெத்தியில வச்சாத்தான் என்ன?”

“அடுப்புச் சாம்பலையா? கருவாடு சுட்ட அடுப்பு! வழக்கம் தெரியாதவ பேசாதே.”

கிழங்கை ஊதி ஊதி உரித்து முதல் துண்டை அவர் எனக்குத்தான் கொடுத்தார். நன்றாகத்தான் இருந்தது. அதையும் நான் சொல்லவில்லை.

அவர்கள் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் மகளும் நானும் துணி மடித்துக்கொண்டிருந்தோம். விளக்கு வைக்கிற நேரத்தில் கரண்டு போயிற்று. போன் வெளிச்சத்தில் தேடும்படி மகள் அவரிடம் சொன்னாள். சாமி அலமாரியில் மெழுகுவத்தி இருக்கும் என்று நான்தான் சொன்னேன். கீழ்த்தட்டில் இருந்தது அது. எங்களைப் போன்றவர்களின் கண் முதலில் போகிற இடம் அதுதான். ஆனால் அவர் உயரத்துக்கு மேல்தட்டுதான் கண்ணுக்கு நேர். காலண்டர் சரிகிற சத்தம் கேட்டது. அடுத்து டப்பா மூடி திறக்கிற சத்தம். என் மடியிலிருந்த துணி நழுவியது.

“அம்மா! செனூஷா!”

டப்பாவைத் திறந்தபடி, போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துக்கொண்டு வந்தார். அவ்வளவு சந்தோஷம் முகத்தில். தன் சொல்லுக்குரிய பொருள் கிடைத்தது என்று மட்டும் அந்தச் சந்தோஷம் இல்லை. என் வீட்டில் தீர்ந்துபோன சாமான் கிடைத்துவிட்டது, இந்த அம்மாள் இனிமேல் வெறும் நெற்றியோடு உட்கார்ந்திருக்க வேண்டாம் என்று எனக்காகச் சந்தோஷப்பட்டார். டப்பாவை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

நான் கை நீட்டவில்லை. மகள் வாங்கினாள். மூடியில் கீறியிருந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

“அப்பா எழுத்து” என்றாள். அப்புறம், “முழுசா இருக்கேம்மா” என்றாள்.

நழுவின துணியை எடுத்து மறுபடி மடித்தேன்.

“இதுக்காகவா ஒரு வாரமா நெத்தியை வெறுமனே போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க?”

அந்த நேரம் பார்த்துக் கரண்டு வந்தது. சந்து முழுக்க, “மீ லா ப்யீ! மீ லா ப்யீ!” என்று வழக்கம்போல் கூச்சல் போட்டுக் கைதட்டினார்கள். எங்கள் முன்னறைக் குழல்விளக்கு இரண்டு தரம் இமைத்து நேராக என் முகத்தில் எரிந்தது. ஊரே கரண்டுக்கு ஏங்கிக் கிடக்கிற காலம். அன்றைக்கு மட்டும் அது வராமல் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

அவர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்து, சிரிப்பை மெதுவாக மடித்து வைத்துக்கொண்டார். மகள் மூடியை அழுத்தினாள். இங்கிலீஷில் நாலு வார்த்தை சொன்னாள். அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

“அவர்கிட்ட என்னடி சொன்னே?”

“நடந்ததைச் சொன்னேன்.”

அவர் மெல்ல ஏதோ சொன்னார்.

“என்ன சொல்றார்?”

“பரவாயில்லைன்றார்.”

என் மாமியார் பேசின பேச்செல்லாம் கேட்டவள் நான். அவர்கள் சொன்ன எதுவும் இந்தப் ‘பரவாயில்லை’ மாதிரி உள்ளே இறங்கவில்லை.

விடிந்ததும் விமானத்துக்குப் போகிற வழியில் வீட்டுக்கு வந்தார்கள். டாக்சி சந்து முனையில் நின்றது. கரண்டு இல்லை. கரியடுப்பில் டீ வைத்திருந்தேன். தலைக்குக் குளித்து, டப்பாவை இறக்கி, மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். இந்தத் தடவை அவர் நெற்றியை நீட்டவில்லை. கைகட்டி ஓரமாக நின்றார்.

நான் மூடியில் கை வைத்ததும் மகள், “அதை வைங்கம்மா” என்றாள்.

“ஏண்டி?”

“தீர்ந்துபோச்சுன்னு சந்து பூரா கேக்குற மாதிரி சொன்னீங்க. சொன்ன சொல் மாறாத குடும்பமாச்சே நாம.”

அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். டப்பாவைக் கீழே வைத்தேன். வெளியே டாக்சிக்காரன் ஹாரன் அடித்தான். இப்படியே அனுப்பினால் இவள் இனிமேல் ரங்கூனுக்கு எதற்காக வருவாள் என்று நினைத்தேன். வரமாட்டாள். எனக்கு அவளைத் தெரியும், அவள் இடத்தில் நான் இருந்தால் வரமாட்டேன்.

அடுப்பு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. யோசித்துச் செய்ததாகச் சொல்ல மாட்டேன். கட்டைவிரலைச் சாம்பலில் அழுத்தினேன். மேலே சாம்பல், அடியில் கங்கு. சுரீரென்றது. கையை எடுக்காமல் நன்றாக ஒற்றிக்கொண்டேன்.

“மாப்பிள்ளை, குனிங்க.”

தமிழில்தான் சொன்னேன். அவருக்குப் புரிந்தது. என் முன்னால் ஒரு முழங்காலை மடித்து உட்கார்ந்தார். வைத்தேன். திருநீறு மாதிரி வெள்ளையாக விழவில்லை. கரியும் சாம்பலுமாகக் கோணலாக ஒரு கறை. முந்தின நாள் நெத்திலிக் கருவாடு சுட்ட வாசம் என் மூக்குக்கே வந்தது. வேலியில் மொஹிங்காக்காரி நின்றிருந்தாள். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.

அவர் நெற்றிச் சூட்டைத் தொட்டுப் பார்த்து, “ஸ்பூஸா” என்றார்.

“ஆமா” என்றேன்.

மகள் குனியவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு என் கையைப் பார்த்தாள்.

“சுட்டுக்கிட்டீங்களா?”

“இல்ல.”

“மறுபடியும் பொய்.”

பானையிலிருந்து தண்ணீர் மொண்டு என் விரலில் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே இருந்தாள். டாக்சிக்காரன் இரண்டு தரம் ஹாரன் அடித்த பிறகும் விரலை விடவில்லை. அப்புறம் போய்விட்டார்கள்.

கொப்புளம் உடைந்து தோல் உரிந்து இப்போது அந்த இடம் வழவழவென்று இருக்கிறது. தினமும் பூசுகிறேன், மொஹிங்காக்காரிக்குப் பேச விஷயம் குறைந்துவிட்டது. ஆனால் பூசும்போதெல்லாம் அந்த வழவழப்புதான் முதலில் நெற்றியில் படுகிறது. கோயிலுக்கும் போகிறேன். மருமகன் எந்த ஊர் என்று கேட்கிறவர்களிடம் ருமேனியா என்று சொல்கிறேன். அங்கே சாம்பலுக்கு இரண்டு சொல் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

ரொம்ப நாள் மகள் போனில் சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்பதோடு நிறுத்திக்கொண்டாள். போன ஞாயிற்றுக்கிழமை அதெல்லாம் கேட்டு முடித்த பிறகும் போனை வைக்காமல் இருந்தாள். பின்னால் அவர் குரல் கேட்டது.

“அம்மா, அப்பா டப்பா இருக்கா?” என்று கேட்டாள் மகள்.

போனை அணைக்காமல் அப்படியே கீழே வைத்துவிட்டுப் போய் அலமாரியைத் திறந்தேன். ஸ்டூல் போட்டு ஏறி, டப்பாவை இறக்கி, மூடியைத் திறந்து, உள்ளே பார்த்தேன். மூடிவிட்டு வந்து போனை எடுத்தேன்.

“இருக்கு” என்றேன். “நிறைய இருக்கு.”